பலகை மாட்டாத வீடு

விளம்பரத்துக்கே வராத வீடு ஒன்றைப் போன வருடம் வாங்கினோம். தேட ஆரம்பித்து சாவி கைக்கு வர 14 மாதம் ஆனது. நல்ல வீடெல்லாம் வெளியே தெரியாமலே கைமாறிவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. விலை போகாமல் நின்ற வீட்டையும் அதே ரகசியக் குரலில்தான் காட்டுகிறார்கள்.

முதல் 4 மாதம் வீணாகப் போனது. ஒரே வீட்டின் படங்கள் 3 தரகர்களிடமிருந்து, 3 விலையில் வந்தன. அவர்களில் ஒருவர்கூட உரிமையாளரைப் பார்த்ததில்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று ஒவ்வொரு கையிலும் கமிஷன் ஏறியிருந்தது. அதன்பிறகு, விற்றுத் தரச்சொல்லி உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாதவரோடு நாங்கள் பேசவே இல்லை.

கடைசியில் வழிகாட்டியவர் ஒரு சொத்து வக்கீல். பாகப்பிரிவினை, விவாகரத்து என்று குடும்பத்துக்குள் ஏதாவது நடக்கும்போதுதான் இப்படிப்பட்ட வீடுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் விலைக்கு வருகின்றன. அப்படி விற்கவிருந்த ஒரு குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் எங்களை அறிமுகப்படுத்தினார்.

வீட்டைக் காட்டும் முன்பே, பணம் இருப்பதற்கு வங்கிக் கடிதமும் ரகசியம் காப்பதற்கு ஒப்பந்தமும் கேட்டார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போடப் போனேன். எங்கள் வக்கீல் தடுத்தார். அதில் இருந்தபடி பார்த்தால் மதிப்பீட்டாளரிடமோ பொறியாளரிடமோ வங்கியிடமோ வீட்டைப் பற்றி வாயே திறக்க முடியாது. அவர்களுக்கு விலக்கு என ஒரு வரி சேர்த்த பிறகே கையெழுத்திட்டேன்.

ரொம்பவும் தூக்கம் கெடுத்தது விலைதான். விளம்பரம் செய்த வீடு என்றால் எத்தனை நாளாக விற்காமல் கிடக்கிறது, எத்தனை பேர் கேட்டார்கள் என்று விசாரித்தாவது தெரிந்துகொள்ளலாம். இங்கே அவர்கள் சொல்வதுதான் விலை. 2 மதிப்பீட்டாளர்களை எங்கள் செலவில், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாமல் அமர்த்தினோம். இருவருமே கேட்ட விலையைவிடச் சுமார் 12 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். வங்கியும் தன் மதிப்பீட்டை வைத்துத்தான் கடன் தரும். மிச்சம் நம் தலையில். இரண்டு அறிக்கைகளையும் அப்படியே அவர்கள் முன் வைத்தோம். 7 சதவீதம் இறங்கி வந்தார்கள்.

பொறியாளர் பளிங்குத் தரையையும் சரவிளக்கையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழ்த்தளத்து மோட்டார் அறைக்குப் போய், புதுப் பெயின்ட் அடித்த சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். முழங்கால் உயரத்துக்குக் கீழே சத்தம் மாறியது. சுரண்டினார், வெள்ளையாக உப்புப் பொடி உதிர்ந்தது. தண்ணீர் ஏறி நின்ற சுவர். பழுதுபார்க்கும் செலவை விலையில் கழிக்க வைத்தோம்.

வாரிசுகள் மூவர். வெளிநாட்டில் இருந்தவர் தன் சார்பில் செயல்பட எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தில் விற்கும் அதிகாரமே இல்லை. புதிது வர 5 வாரம் ஆனது. "வேறு ஆள் ரெடியாக இருக்கிறார்" என்று விற்பவர்கள் தரப்புத் தரகர் தினமும் நெருக்கினார். மூவரும் கையெழுத்திடாமல் ஒரு காசு கைமாறக் கூடாது என்று என் மனைவி உறுதியாக நின்றாள். முன்பணம் இரு தரப்புக்கும் பொதுவான கணக்கிலேயே இருந்தது.

பத்திரம் முடிந்த அன்று, மூத்த வாரிசான அந்த அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு என் மனைவியைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். "மழை பலமாகப் பெய்தால் முதலில் இந்த வால்வை மூடிவிடும்மா" என்று குனிந்து திருகிக் காட்டினார்.