தியேட்டருக்கு சாப்ட்வேர் வந்தபோது

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பு நர்ஸாக இருக்கிறேன். பதிவு, பில், ஆபரேஷன் பட்டியல் எல்லாவற்றையும் ரிஜிஸ்டரிலிருந்து ஒரே சாப்ட்வேருக்கு மாற்றினோம். இதே மாற்றத்துக்குத் தயாராகிற சிறிய மருத்துவமனைகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பில் பகுதி சிரமமில்லாமல் ஓடியது. பதிவு கவுண்டர்தான் முதலில் திணறியது. முதல் பெயர், கடைசிப் பெயர் என இரண்டு கட்டங்கள்; இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நம் ஆட்களுக்கு இருப்பது ஒரு பெயரும் இனிஷியலும். ஒருவர் இனிஷியலைக் கடைசிப் பெயராகப் போட்டார், இன்னொருவர் அப்பா பெயரைப் போட்டார், ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் உண்டாயின. பிறந்த தேதியும் கட்டாயம். கண்புரைக்கு வருகிற வயதானவர்கள் பலர் வயதைத்தான் சொல்வார்கள்; கவுண்டரில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் அந்தத் தேதியை வைத்து ஆளை எப்படி உறுதி செய்வது? முகவரிக்குக் கதவு எண்ணும் தெருவும் கேட்டது. இங்கே பலருக்கு வீட்டுப் பெயரும், எந்த விளை (ஊருக்குள் இருக்கும் சிறு குடியிருப்புப் பகுதி) என்பதும்தான் அடையாளம். ஒரே நாள் பட்டியலில் இரண்டு மேரி, இரண்டு தங்கம் வருவது எங்களுக்கு வழக்கம். அவர்களைப் பிரித்துச் சொல்கிற தகவலுக்கு மட்டும் திரையில் இடமில்லை.

தியேட்டருக்குள் நிலைமை இன்னும் மோசம். ஆபரேஷன் பதிவைத் திறந்தாலே ‘வலது கண்’ ஏற்கெனவே தேர்வாகி இருக்கும். இடது என்றால் நாம்தான் மாற்ற வேண்டும். ஒரு பாட்டிக்குப் பட்டியலில் வலது என்றே வந்துவிட்டது. “எனக்கு இடது கண்ணாக்கும் மக்களே” என்று அவர் சொன்னார். கேஸ் ஷீட்டும், நெற்றியில் போட்டிருந்த குறியும் அதையே சொன்னதால் அங்கேயே நிறுத்தித் திருத்தினோம். மருந்தின் மயக்கத்தில் அவர் பேசாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

கண்புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் பவரும் அப்படித்தான். கண்ணின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் பிசகினாலே பவர் சுமார் 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை மாறிவிடும். அவ்வளவு கவனமாக அளந்து எடுத்த 21.5 என்ற எண்ணைக் கையால் 12.5 என்று அடித்தாலும் சாப்ட்வேர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

எனக்குக் கோபமே வந்தது ஆபரேஷன் பாதுகாப்புக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பார்த்துத்தான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அந்தப் பட்டியலில் 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கீறுவதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். அதைப் பயன்படுத்தி டெல்லி உள்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது, ஆபரேஷன் நோயாளிகளில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. எல்லோரும் கையை நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதுதான் அதன் உயிர். எங்களுக்கு வந்த திரையிலோ ‘அனைத்தையும் தேர்வு செய்’ என்று ஒரு பட்டன்!

சாப்ட்வேர் நிறுவனத்திடம் சொன்னபோது, நர்ஸ்களுக்குப் பயிற்சி போதாது என்று பதில் வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ப்ரோக்ராம் எழுதுகிற தம்பியை ஒரு ஆபரேஷன் நாள் முழுக்க தியேட்டரில் நிற்க வைக்கச் சொல்லி டாக்டரிடம் பிடிவாதம் பிடித்தேன். வந்தார். மாஸ்க், தொப்பி போட்டு ஓரமாக நின்றார். கிளவுஸ் போட்ட சிஸ்டர் திரையைத் தொட முடியாது, தொடக்கூடிய ஒரே சிஸ்டர் லென்ஸ் எடுக்க ஓடிக்கொண்டிருப்பார் என்பதையெல்லாம் அன்றுதான் பார்த்தார். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு எச்சரிக்கை வந்ததால், சிஸ்டர்கள் படிக்காமலே ‘சரி’ என்று தட்டுவதையும் பார்த்தார்.

தெராக்-25 பற்றி அவர்தான் சொன்னார். 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சாப்ட்வேர் கோளாறுதான் காரணம். ஆனால் அடிக்கடி புரியாத பிழைச் செய்தி வந்து பழகியதால், இயக்கியவர்கள் ஒரு பட்டனைத் தட்டி அடுத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. எந்தக் கண்ணும் முன்கூட்டித் தேர்வாகாது; ஓ.பி. குறிப்பு, சம்மதப் படிவம், பட்டியல் மூன்றிலும் ஒரே கண் இருந்தால்தான் திரை நகரும். லென்ஸ் பவர் அளக்கும் கருவியிலிருந்து நேரே வருகிறது, மாற்றினால் காரணம் கேட்கும். அந்த ‘அனைத்தையும்’ பட்டன் போய்விட்டது. தேவையில்லாத எச்சரிக்கைகளும் போயின. பெயருக்கு ஒரே கட்டம், வீட்டுப் பெயருக்குத் தனி இடம், தேதி தெரியாவிட்டால் வயது போதும். சாப்ட்வேரும் ரிஜிஸ்டரும் ஒத்துப்போகும் வரை ரிஜிஸ்டரையும் சேர்த்தே எழுதினோம். கரண்ட் போனால் கையில் இருக்கட்டும் என்று இப்போதும் காலையில் பட்டியலை பிரிண்ட் எடுக்கிறோம்.

காப்பீட்டுப் பகுதி மட்டும் பாக்கி. ஒரே விவரத்தை எங்கள் சாப்ட்வேரிலும் காப்பீட்டுத் தளத்திலும் இரண்டு முறை அடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்ததாக அந்தத் தம்பியைக் காப்பீட்டு மேசையில் உட்கார வைக்கக் கேட்டிருக்கிறேன்.