பகரம், மகரம், எச்டி பாக்ஸ்

எங்கள் வீட்டு கேபிள் டிவிக்கு எச்டி பாக்ஸ் வந்தது ஐபிஎல் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பு. படமும் சத்தமும் ஒழுங்காகி நாங்கள் நிம்மதியாக உட்கார்ந்தபோது பாதி லீக் ஆட்டங்கள் முடிந்துவிட்டன.

கேபிள்காரத் தம்பி மாட்டிவிட்டுப் போன அன்று படம் பழைய பாக்ஸில் வந்த மாதிரியேதான் வந்தது. "கொஞ்சம் பளிச்சுனு இருக்குல்ல?" என்றார் என் கணவர். காசு கொடுத்தவர் அப்படித்தான் சொல்வார். டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை. பழைய பாக்ஸின் ஏவி ஒயரையே பிடுங்கிப் புதியதில் சொருகியிருந்தார். எச்டி படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஒயர் அட்டைப்பெட்டிக்குள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அந்த மஞ்சள் ஒயரில் எந்தப் பாக்ஸாக இருந்தாலும் பழைய தரம்தான் வரும்.

ஒயரை மாற்றினோம். அப்போதும் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய நம்பரில் இருந்த சாதா சேனலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். எச்டி சேனலுக்கு வேறு நம்பர், வேறு கட்டணம். 2019இல் நடைமுறைக்கு வந்த, டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண முறையில் இரண்டுக்கும் தனித்தனி விலை. அடிப்படைக் கட்டணத்துக்குள் வரும் சேனல்களை எண்ணும்போது ஒரு எச்டியை இரண்டு சாதா சேனலாகக் கணக்கிட்டார்கள். பாக்ஸ் வாங்கினால் எச்டி தானாக வரும் என்று நினைத்தது, அடுப்பு வாங்கினால் சிலிண்டரும் கூடவே வரும் என்று நினைத்த கதை. வேண்டிய சேனல்களைச் சொல்லிப் பணம் கட்டிய பிறகுதான் உண்மையான எச்டியைப் பார்த்தோம். சாதாப் படம் 720க்கு 576 புள்ளி, எச்டி 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. மைதானத்துப் புல் தனித்தனியாகத் தெரிந்தது.

ஸ்கோர்தான் தெரியவில்லை. கீழ் ஓரத்தில் எண்கள் பாதியோடு அறுந்து நின்றன. பிக்சர் ட்யூப் காலத்தில் ஓரங்கள் ஒழுங்காக இருக்காது என்பதால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடுவார்கள். ட்யூப் போய்விட்டது, அந்தப் பழக்கம் டிவிக்குள் இன்னும் இருக்கிறது. அதை நிறுத்த ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட், சோனியில் ஃபுல் பிக்சல். பிக்சர் சைஸ் மெனுவில் தேடினால் கிடைக்கும். எங்களுக்கு அரை நிமிட வேலை.

அடுத்தது செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்து. வழுக்கிக்கொண்டு போக வேண்டியது, நொண்டியடித்துக்கொண்டு போனது. டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் மூலையில் 720பி, 60 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. நம் நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 50 முறை படம் மாறும் கணக்கில் வருவது. பாக்ஸ் அதை 60 ஆக்கி அனுப்ப, ஐந்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்டுகிறது. அந்த இரண்டாவது முறைதான் நொண்டி. பாக்ஸ் மெனுவில் 1080i, 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றியதும் எழுத்து வழுக்க ஆரம்பித்தது. இதைச் செய்யும்போது படம் ஒரு விநாடி கறுத்துப்போய்த் திரும்பும். ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டாம்.

படம் சரி. சத்தம்?

இரண்டு எச்டி சேனல்களில் மட்டும் ஊமைப் படம். அதே நிகழ்ச்சி சாதா சேனலில் சத்தத்தோடு வருகிறது. கேபிள் தம்பிக்குப் போன் செய்தால் "டிவில ப்ராப்ளம்க்கா." டிவி சர்வீஸ்காரருக்குச் செய்தால் "பாக்ஸ்ல ப்ராப்ளம்மா." இருவர் சொன்னதும் பாதி சரி என்பது பிறகுதான் புரிந்தது. அந்த இரண்டிலும் சத்தம் டால்பி முறையில், அதாவது பல ஸ்பீக்கருக்கானதைச் சுருக்கிக் கட்டி, வருகிறது. பாக்ஸ் அதைப் பிரிக்காமல் பொட்டலமாகவே டிவிக்கு அனுப்புகிறது. எங்கள் பழைய டிவிக்குப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது. பாக்ஸின் ஆடியோ மெனுவில் 'ரா' என்று இருந்ததை 'பிசிஎம்' ஆக்கினால் பாக்ஸே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நாள்.

இடையில் தம்பி ஒரு நாள் நேரில் வந்தார். சத்தத்துக்கு வழி தெரியவில்லை, ஆனால் வேறொன்றைக் கண்டுபிடித்தார். சாயந்திரமானால் சில சேனல்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டிருந்தது, எப்போதும் அதே சில சேனல்கள். ஒரே அலைவரிசையில் சேர்ந்து வருபவை சேர்ந்தேதான் உடையும் என்றார். மாடிப்படிக்குக் கீழே ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று. அதைத் தாண்டி, மாடி அறைக்கு முன்பு எப்போதோ போட்ட, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். மாடியில் இப்போது டிவியே இல்லை, சிக்னலில் பாதி மட்டும் அங்கே போய்க்கொண்டிருந்தது. பழைய கேபிளில் சிக்னல் குறைந்தால் படத்தில் மழை பெய்யும், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். டிஜிட்டலில் ஒரு எல்லை வரை குறையே இருக்காது, எல்லை தாண்டினால் படமே கலைந்துவிடும். ஒட்டை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, ஸ்ப்ளிட்டரைக் கழற்றினார். அத்தோடு கட்டம் போனது. அவரைத் திட்டிக்கொண்டிருந்த நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

பிசிஎம் ஆக்கிய பிறகு சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. அதாவது பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, பின்னணி இசை மட்டும் தெருவுக்கே கேட்டது. டால்பி 5.1இல் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. எல்லாவற்றையும் டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணித்தால் அது இசைக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. பாக்ஸில் லைன், ஆர்எஃப் என்று இன்னொரு தேர்வு இருந்தது. ஆர்எஃப் வைத்தால் மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. கொஞ்சம் தேவலை. ஆனாலும் சீரியலில் மாமியார் கோபப்படும்போது வயலின்தான் ஜெயித்தது.

எனவே பீரோ மேல் தூங்கிக்கொண்டிருந்த சவுண்ட்பாரை இறக்கி, பாக்ஸிலிருந்து நேராக, சத்தத்தை ஒளியாகக் கடத்தும் ஆப்டிக்கல் ஒயரில் இணைத்தோம். பேச்சு கணீர் என்று வந்தது. அப்போதுதான் என் அத்தை வாயைத் திறந்தார்.

"இவ வாய் திறக்கறதுக்கு முன்னாடியே பேசறாளே."

எனக்குத் தெரியவில்லை. கணவருக்கும் தெரியவில்லை. அத்தை விருதுநகரில் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்தவர், பிள்ளைகளின் வாயைப் பார்த்தே உச்சரிப்பைத் திருத்தியவர். ஒருமுறை அவர் சொன்ன பிறகு எங்களுக்கும் அது மட்டுமே தெரிந்தது.

டிவி படத்தை மெருகேற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. டிவி வழியாகப் போகாத சத்தம் அதற்குள் காதுக்கு வந்துவிடுகிறது. சத்தம் பிந்தினால் நமக்கு அவ்வளவு உறுத்தாது, மின்னலுக்குப் பின் இடி கேட்டே பழகியவர்கள். முந்தினால் பொறுக்காது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் இந்த ஓரவஞ்சனை உண்டு: சத்தம் 40 மில்லி செகண்டுக்கு மேல் முந்தக் கூடாது, 60 வரை பிந்தலாம்.

டிவியிலிருந்தே ஆப்டிக்கல் எடுத்திருந்தால் பெரும்பாலும் இந்த வம்பே வந்திருக்காது. கை எட்டுபவர்கள் அப்படியே செய்யுங்கள். எங்கள் டிவி சுவரோடு ஒட்டி மாட்டியது, அந்தத் துளைக்குள் விரல் போகவில்லை. சவுண்ட்பார் ரிமோட்டில் சத்தத்தைத் தாமதப்படுத்தும் பட்டன் இருந்தது, ஒரு அழுத்துக்கு 20 மில்லி செகண்ட். எவ்வளவு வைப்பது?

அத்தை செய்தி சேனலைப் போடச் சொன்னார். செய்தி வாசிப்பவர் நேராகப் பார்த்துப் பேசுவார், முகம் பெரிதாகத் தெரியும். "கண்ட எழுத்தையும் பாக்காத. பகரம், மகரம் மட்டும் பாரு. ரெண்டு உதடும் ஒட்டினாத்தான் அது பிறக்கும். ககரத்தை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது, அது தொண்டைக்குள்ள நடக்கற வேலை."

நான் பட்டனை அழுத்த, அத்தை திரைக்கு மூன்றடி தள்ளி நாற்காலி போட்டுக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். 40. "இன்னும் முந்துது." 80. "பிரதமர்"இல் பி சரி, ம இல்லை என்றார். அதெப்படி என்று நான் கேட்கவில்லை. 100. அப்புறம் 120இல் "மும்பை" என்று ஒரு சொல் வந்தது. "ஆங், அப்படியே விடு. ரெண்டு தடவையும் ஒட்டிச்சு." 140 வைத்துப் பார்த்தால் உதடு பிரிந்த பிறகு ம கேட்டது. 120க்கே திரும்பினோம்.

மறுநாள் கணவர் ஆட்டத்துக்காகப் பிக்சர் மோடை மாற்றினார், மெருகேற்றும் நேரம் மாறி, கணக்கு மறுபடி கலைந்தது. இப்போது மோடைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

போன வாரம் இந்தியிலிருந்து டப் செய்த சீரியல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஒரு மகரம்கூட ஒட்டல. அந்த ரிமோட்டை எடு."

"டப்பிங் அத்தை அது."

"சரி, இருக்கட்டும். 160 வெச்சுத்தான் பாரேன்."