வெள்ளச்சி நாட்குறிப்பு: தீபாவளி நெருங்குகிறது

அக்டோபர் 4, 2025, சனி

ராஜபாளையம் நாய்க்குட்டி வெள்ளச்சி கட்டிலுக்கடியில், சுவரோரம். வால் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. முதுகு கூனி, எடை முழுக்கப் பின்னங்கால்களில். முன்னங்கால் ஒன்று தரையில் பட்டும் படாமலும். பக்கத்தில் தீனி எதுவும் இல்லை, ஆனாலும் நாக்கு வெளியே வந்து மூக்கைத் தொட்டுத் தொட்டு உள்ளே போகிறது. தூக்கம் வராத கொட்டாவி வேறு. பதற்றம் முதலில் இப்படித்தான் வெளியே வரும்.

வாலை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ராஜபாளையத்துக்கு வால் நீளம், மெலிசு. சும்மா நிற்கும்போதே தொங்கும், நுனியில் லேசான வளைவு. பக் இன நாய்க்குட்டியின் சுருட்டை வாலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எப்போதும் பயந்த நாயாகத்தான் தெரியும். இந்தக் குட்டிக்கு இயல்பு எது என்று முதலில் மனதில் பதிய வேண்டும். அதிலிருந்து எவ்வளவு இறங்கியது, எவ்வளவு ஏறியது என்பதுதான் சேதி.

அக்டோபர் 5

தண்ணீர் மட்டும். எல்லோரும் படுத்த பிறகு கிண்ணம் காலி.

அக்டோபர் 7, செவ்வாய்

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி. நேரே வந்து, மேலே குனிந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, உச்சந்தலையில் கை வைக்கிறார்கள். குட்டி மல்லாந்தது. "வயித்தத் தடவச் சொல்லுது பாரு" என்றார் அத்தை.

இல்லை. உடம்பு தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, நெளிந்துகொண்டே புரண்டால் தடவலாம். உடம்பு விறைத்து, வாய் இறுக மூடி, வால் வயிற்றின் மேல் மடங்கி, முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் "என்னை விட்டுவிடு" என்று அர்த்தம். கூடவே ஓரிரு சொட்டு மூத்திரமும் வரும். அதற்குத் திட்டினால் அடுத்த முறை இன்னும் அதிகமாகத்தான் வரும்.

பக்கவாட்டில் தரையில் உட்கார வேண்டும். அவளாக வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். கையை முட்டினால், மேலே சாய்ந்தால், தொடரலாம். தலையைத் திருப்பினால், தரையை முகர்ந்தபடி நகர்ந்தால், அத்தோடு சரி. எதிர்வீட்டுத் தம்பி கட்டிப்பிடித்தபோது தலை ஒரு பக்கமும் பார்வை மறுபக்கமுமாக, கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிந்தது. குழந்தையை விலக்க வேண்டிய நேரம் அதுதான். உறுமட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அக்டோபர் 8

குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. எழவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

காது. மனம் முழுக்க அந்தக் காதுதான்.

வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. இந்த இனத்தில் பிறவிச் செவிடு நிறைய. ரோமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் குன்றி, ஒலியை உணரும் மயிரணுக்கள் பிறந்த மூன்று, நான்கு வாரத்திலேயே செத்துப்போகும். பிறகு திரும்பி வராது. ஆனால் எல்லா வெள்ளைக் குட்டியும் செவிடு இல்லை.

வீட்டில் சோதிக்கும்போது ஏமாறுவது எளிது. தட்டைக் கீழே போட்டால் தரையதிர்வு காலில் ஏறும். பின்னால் நின்று கைதட்டினால் காற்று ரோமத்தில் படும், நிழல் கண்ணில் விழும். ஒருவர் அடுத்த அறையில் சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும், இன்னொருவர் காதின் அடியை மட்டும் பார்க்க வேண்டும். தொங்கும் காதில் மடல் பெரிதாக அசையாது. அது தலையோடு சேரும் இடத்தில் உள்ள தசைதான் முன்னே இழுபடும், நெற்றியில் சிறு மடிப்பு விழும். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கேட்கும் குட்டியும் அலுத்து விட்டுவிடும். சாவி, விசில், பிளாஸ்டிக் உறை என்று மாற்ற வேண்டும்.

சாவிக்கு மடிப்பு விழுந்தது. விசிலுக்கு ஒன்றுமே இல்லை. இதில் எதை நம்புவது?

அக்டோபர் 11

மத்தியானத் தூக்கத்தில் மறுபடி விசில். அசையவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தடுப்பூசி முழுக்கப் போட்ட பெரிய நாய் ஒன்றோடு முற்றத்தில் விளையாட்டு. முன்னங்கை தரையில், பின்புறம் மேலே, வாய் அகலத் திறந்து, ஒரு குதி குதித்துத் திரும்பி ஓட்டம். துரத்தியது துரத்தப்படுகிறது, கீழே கிடந்தது மேலே ஏறுகிறது, நடுநடுவே இரண்டும் நின்று உடம்பை உதறிக்கொள்கின்றன. மாறி மாறி நடந்தால் விளையாட்டு. ஒருவரே துரத்தி, மற்றது மூலையில் ஒடுங்கினால் துரத்துகிறவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒடுங்கியது தானாகத் திரும்பி வந்தால் விடலாம், வராவிட்டால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது.

முதுகு மயிர் சிலிர்த்தது. கோபம் என்று பயப்பட வேண்டாம். அது கிளர்ச்சி. சந்தோஷத்திலும் சிலிர்க்கும்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் அதே நிலை: முன்புறம் தாழ்ந்து, பின்புறம் உயர்ந்து. ஆனால் குதி இல்லை, வால் அசையவில்லை, வாய் மூடியிருக்கிறது, பார்வை யார் மேலும் இல்லை. அப்படியே நிற்கிறாள். இது விளையாட்டு அழைப்பு அல்ல, வயிற்று வலி. சோறு தொடவில்லை. ஒருமுறை வாந்தி.

பார்வோ என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் தாக்கும் வயது. எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிகிறது. ஈறு ரோஸ். அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறது. உடல் சூடு 38.9 டிகிரி செல்சியஸ், 39.2 வரை சரி. மலத்தில் ரத்தம் இல்லை. இருந்தாலும் இந்த வயதில் வாந்தியும் பட்டினியும் சேர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. மருத்துவர் மலத்தைப் பார்த்தார்: உருண்டைப் புழு. எடைக்கேற்ப மருந்து, இரண்டு வாரத்தில் மறுபடி.

அக்டோபர் 15

சாப்பிட்டாள். வால் நுனியில் வளைவு திரும்பியிருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

தட்டருகே போன மாமாவைப் பார்த்து உறுமினாள். "ஒரு தட்டு தட்டுங்க, இப்பவே அடக்கணும்."

கூடவே கூடாது. உறுமலுக்கு முன்பே சொல்லிப் பார்த்திருக்கிறாள்: தின்னும் வேகம் கூடியது, தலை தட்டுக்குள் இறங்கியது, தோள் விறைத்தது, ஒரு கணம் மெல்லுவதே நின்றது. அந்தக் கணம் நிற்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி. அதை யாரும் படிக்காததால் குரல் வந்தது. அடித்தால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போகும். பிறகு நேராகப் பல்.

இன்று முதல்: ஆறடி தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான கோழித் துண்டு ஒன்றை வீசிவிட்டு விலகிப் போவது. தோள் தளர்ந்திருந்தால் மட்டும் அடுத்த வேளை அரையடி நெருங்கலாம். மாமாவுக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

தெருவில் வெடி ஆரம்பம். திடுக்கிட்டாள், வாலைச் சொருகினாள். அப்படியானால் கேட்கிறது! ஆனால் வெடி வலப்பக்கச் சந்தில், அவள் திரும்பியதோ இடப்பக்கம். அடுத்ததற்கும் இடம். சாவியை வலப்பக்கம் வைத்துக் குலுக்கினால் இடப்பக்கம் தேடுகிறாள்.

ஒரு காது. இடது மட்டும் கேட்கிறது. ஒலி எங்கிருந்து வருகிறது என்று அறிய இரண்டும் வேண்டும். ஒன்றுதான் என்றால் எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து வருவதாகத்தான் தோன்றும். விசிலுக்கு எழாததும் இப்போது புரிகிறது: இடது காதைத் தரையில் அழுத்திப் படுத்திருந்தால் அவளுக்கு வீடே மௌனம். மதியம் இடது காது மேலே இருக்கும்போது விசில். உடனே தலை தூக்கினாள்.

அக்டோபர் 20, தீபாவளி

நடுக்கம். புழுக்கமே இல்லாமல் இளைப்பு, வாயோரம் பின்னே இழுபட்டு. சிவப்புத் தரையில் ஈரக் கால் தடங்கள். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். கோழியை மூக்கருகே வைத்தாலும் வாங்கவில்லை. தின்பதைத் தின்னாத பயத்தில் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, பழக்கவும் முடியாது. ஜன்னல் சாத்தி, மின்விசிறி முழு வேகத்தில், கட்டிலுக்கடியில் போர்வை. தானாக வந்து ஒட்டினால் அணைத்துக்கொள்ளலாம். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது கட்டுக்கதை.

அக்டோபர் 21

இளைப்பு நின்றது. கோழி வாங்கினாள், பறித்து, பல் பட. இன்னும் தளரவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டாவது தடுப்பூசி. மேஜையில் சிலைபோல நின்றாள். "சமத்துக் குட்டி" என்றார்கள். சமத்து இல்லை, உறைந்து நின்றாள்: காது பின்னே ஒட்டி, நான்கு காலும் விறைத்து, கண் இமைக்காமல். அடுத்த முறை வழுக்காத ரப்பர் விரிப்பும் நக்குவதற்குக் கொஞ்சம் தயிரும் கொண்டுபோக வேண்டும். ஊசி தரையிலேயே போட முடியுமா என்று கேட்கவும் வேண்டும்.

அக்டோபர் 24

பேயர் (BAER) என்ற காது கேட்கும் திறன் சோதனைக்கு விசாரித்தாயிற்று. மண்டைத்தோலில் மெல்லிய ஊசி முனைகள் வைத்து, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே ஒலி கொடுத்து, மூளைக்குப் போகும் அலையைப் பதிவார்கள். ஒற்றைக் காதுச் செவிட்டை உறுதி செய்ய வேறு வழி இல்லை. தேதி இன்னும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தம்பிக்குச் சொன்னது: தூங்கும்போது தொடாதே, முதலில் பாயைத் தட்டு, கண் திறக்கட்டும்.