தோஸர்: தண்ணீர் முறை

அக்டோபர் 19

தோஸர் வந்து சேர்ந்தபோது மாலைத் தொழுகைக்கான அழைப்பு கேட்டுக்கொண்டிருந்தது. துனிசியாவின் தலைநகர் துனிஸிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். மெத்லாவியில் பாஸ்பேட் சுரங்கத்தின் சாம்பல் மேடுகள் முடிந்து வெறும் மண்ணாகவே நீண்ட சமவெளியின் ஓரத்தில் திடீரென ஒரு கரும்பச்சைக் கோடு தெரிந்தது. அதுதான் பேரீச்சந்தோப்பு, அதற்கு அப்பால் உப்பு ஏரி, அதற்கும் அப்பால் சகாரா. வேனிலிருந்து இறங்கியதும் தம்பியை அழைத்தேன். அம்மாவிடம் எடுத்த மாதிரியை ஆய்வுக்கு அனுப்பிவிட்டார்களாம், நாளாகுமாம். அம்மா தூங்கிவிட்டாள்.

அக்டோபர் 20

தங்கியிருக்கும் வீடு ஊலத் எல் ஹதெஃப் என்ற பழைய குடியிருப்பில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுத் தெருக்கள் என்கிறார்கள். தெருவைப் பார்த்து ஜன்னல் வைக்கும் வழக்கமே இங்கே இல்லாததால், இரண்டு பக்கமும் உயர்ந்த செங்கல் சுவர்களுக்கு நடுவே நடந்து கொண்டிருக்கிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் அந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே ஒரு முற்பகல் முழுவதையும் கழிக்கலாம். மெல்லிய, வெளிர் மஞ்சள் நிறச் செங்கற்கள். சிலவற்றைச் சற்று வெளியே நீட்டியும் சிலவற்றை உள்ளே தள்ளியும் அடுக்கிச் சாய்சதுரம், நட்சத்திரம், படிக்கட்டு என்று கோலங்களை எழுப்பியிருக்கிறார்கள். நீட்டிய ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே ஒரு விரற்கடை நிழலைப் போடுகிறது. உச்சி வெயிலிலும் சுவரின் ஒரு பகுதி நிழலிலேயே இருக்கிறது. நிழலுள்ள கல்லையும் வெயில்பட்ட கல்லையும் மாறி மாறித் தொட்டேன். அழகுக்குச் செய்தது என்று மட்டும் சொன்னால் அந்தக் கொத்தனார்களைக் குறைத்துச் சொன்னதாகும்.

அக்டோபர் 21

செய்தி எதுவும் இல்லை.

அக்டோபர் 22

வீட்டுக்கார அம்மாளின் மாமனார் இன்று என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனார். எண்பதை நெருங்கும் வயது. அறிமுகமான நிமிடத்திலிருந்து என்னை மகளே என்றுதான் கூப்பிடுகிறார். இளமையில் பிறர் தோட்டத்தில் பங்குக்கு உழைத்தவர். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பவருக்கு என்பது அந்நாளைய வழக்கம். அவர் மரங்களைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசியதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்.

தோப்பின் தலைமாட்டில் ராஸ் எல் ஐன் என்ற இடம். இருநூறு ஊற்றுகள் அங்கே கூடி ஓர் ஆறாக ஓடினவாம். அந்த ஆற்றை மூன்றாகவும், பிறகு கிளைக் கிளையாகவும் பிரித்து, எந்தத் தோட்டத்துக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டுத் தந்தவர் 13ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் வாழ்ந்த அறிஞர் இப்னு ஷப்பாத். வாய்க்காலின் குறுக்கே ஒரு பேரீச்ச மரத்துண்டைக் கிடத்தி, அதில் அளவாக வெட்டிய பள்ளங்கள் வழியாகத் தண்ணீரைப் பங்கிட்டிருக்கிறார்கள். நேரத்தை அளக்க 'கதூஸ்' என்ற குடம்: அடியில் சிறு துளையிட்டு, நீர் நிரப்பித் தொங்கவிடுவார்கள், அது வடிந்து தீரும் வரை மடை உங்களுடையது. அவருக்கும் முன்னால், 11ஆம் நூற்றாண்டிலேயே, அல் பக்ரி என்ற அந்தலூசிய (இன்றைய ஸ்பெயின்) புவியியலாளர் தோஸரின் இந்தக் குடத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ஆக, இப்னு ஷப்பாத் ஒழுங்கு செய்தது அவருக்கு முன்பே ஊரில் புழங்கிய ஒரு வழக்கத்தை.

பெரியவர் இரண்டு கைகளையும் குவித்து, குடம் தொங்கிய உயரத்தைக் காட்டினார். நடுநிசியில் முறை வந்தால் விளக்கோடு வந்து குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். கண்ணயர்ந்துவிட்டால் அடுத்தவன் மடையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் எப்போது வரும், எப்போது தீரும் என்பதை ஊர் முழுவதும் கண்ணால் பார்க்க முடிந்த அந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பொறாமையே வந்துவிட்டது.

ராஸ் எல் ஐனில் இப்போது ஊற்று இல்லை.

அக்டோபர் 23

கவிஞர் அபுல் காசிம் அல் ஷாபியின் கல்லறைக்குப் போனேன். 1909இல் இந்த ஊரில் பிறந்தவர். 1934இல் இதய நோயால் துனிஸில் இறந்தபோது வயது 25. துனிசியாவின் தேசிய கீதத்தின் இறுதி வரிகள் அவருடையவை. வாழ வேண்டும் என்று மக்கள் உறுதிகொண்டால் விதியே வழிவிடும் என்ற பொருள்படும் அந்த வரிகளைத்தான் 2011இல் ஆட்சியை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் உரக்கச் சொன்னார்கள். ஓடக்கூடாது, மலை ஏறக்கூடாது என்று மருத்துவர்கள் தடுத்த ஓர் இளைஞன் எழுதிய வரிகள் என்பதை நினைக்க நினைக்க அங்கிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லை. அம்மாவுக்கு அவரைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். "இருபத்தஞ்சு வயசா, பாவம், பெத்தவ எப்படித் தாங்கினா" என்றாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 25

அறுவடை தொடங்கிவிட்டது. உயரமான மரத்தின் உச்சியில் ஒருவர் அரிவாளோடு இருக்கிறார். அவருக்குக் கீழே தண்டைப் பற்றியபடி, மட்டை வெட்டிய தழும்புகளில் வெறுங்காலை ஊன்றி, ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக நான்கு பேர் நிற்கிறார்கள். உச்சியிலிருப்பவர் அறுத்த குலை கைமாறிக் கைமாறி இறங்குகிறது. கீழே போட்டால் பழம் நசுங்கும், விலை போகாது. கீழே பெண்கள் பாயில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். தெக்லத் நூர் என்ற இந்த வகைப் பழம் ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்: தேன் நிறத் தசைக்குள் கொட்டை ஒரு நிழலாகத் தெரிந்தது. தின்னக் கொடுத்த குலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

பேரீச்சையின் நிழலில் மாதுளையும் அத்தியும், அவற்றின் நிழலில் கீரையும் கால்நடைத் தீவனமும். ஒரே மண்ணில் மூன்று அடுக்கு வெள்ளாமை. மேலேயுள்ள மரம் பட்டுப்போனால் கீழே இருப்பவை ஒரு கோடையைத் தாங்காது.

அக்டோபர் 26

இங்கே காலை ஏழரை என்றால் எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு. ஆய்வகம் மாலை ஐந்தரைக்கு மூடும். எனக்கு அது ஒரு மணி. ஒரு மணிக்கு மேல்தான் என்னால் சாப்பிட முடிகிறது.

அக்டோபர் 28

ஷத் எல் ஜெரீத். ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த உப்பு ஏரி. நடுவே போட்ட மேட்டுச் சாலையில் மறுபக்கமுள்ள கெபிலிக்குப் போகும் வேனில் சென்றேன். சாலையின் இருபுறமும் வெட்டிய பள்ளங்களில் தேங்கிய நீர் ஒருபுறம் இளஞ்சிவப்பாகவும் மறுபுறம் பச்சையாகவும் இருந்தது. தொலைவில் ஒரு மரவரிசையும் அதன் அடியில் நீரும் தெரிந்தன. பக்கத்தில் இருந்த பெண்மணி அங்கே எதுவுமில்லை என்று தலையசைத்தார். 1870களில் ருதேர் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, காபெஸ் வளைகுடாவிலிருந்து கால்வாய் வெட்டி இந்தப் பள்ளங்களைக் கடலால் நிரப்பிவிடத் திட்டம் தீட்டினார். சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸ்கூட அதை ஆதரித்தார். நல்லவேளை, கைவிட்டார்கள். இந்த மண்ணுக்குக் குறைவது கடல் தண்ணீர் அல்ல என்பதை ஊற்றருகே குடத்தோடு உட்கார்ந்திருந்த எவரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 29

இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி நெஃப்தா. சூஃபி மகான்களின் சமாதிகளுக்குப் பேர்போன ஊர். ஊரின் நடுவே கூடை போன்ற பெரும்பள்ளம், அதில் பேரீச்சை மரங்கள். அங்கேயும் பள்ளத்தின் சரிவிலிருந்து கசிந்து பெருகிய ஊற்றுகள் வற்றிவிட்டன.

எனக்குக் கோபம் தீரவில்லை. நிலத்தடி நீர் இல்லாமல் போய்விடவில்லை. அல்ஜீரியா, துனிசியா, லிபியா மூன்றுக்கும் அடியில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் சேமிப்பு அது. எடுப்பதற்கு ஈடாக இன்றைய மழை ஊறுவதில்லை. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, புதுத் தோப்புகள் பெருகின, தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றன. மிக ஆழத்திலிருந்து வரும் நீர் கொதிப்பாக இருப்பதால் ஆறவைத்துத்தான் பாய்ச்ச முடிகிறது. இப்போதும் முறை உண்டு என்கிறார் பெரியவர், ஆனால் முறைக்கும் முறைக்கும் இடையே நாள் கூடிக்கொண்டே போகிறது.

அக்டோபர் 30

தம்பி அழைக்கவில்லை. நானாக அழைத்தபோது எடுக்கவும் இல்லை.

சாயங்காலம் பெரியவர் 'லக்மி' இறக்கும் விதத்தைச் சொன்னார். பேரீச்சையின் குருத்தைச் சீவிக் கலயம் கட்டுவார்கள்; விடியலில் குடித்தால் இனிப்பு, பொழுது சாயும்போது புளித்து ஏறிவிடும். எங்கள் பக்கத்துப் பதநீரும் கள்ளும் அப்படித்தான் என்றதும் அவருக்கு உண்டான மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! பனையில் பாளையைச் சீவுகிறோம், குருத்தைத் தொடுவதில்லை என்றேன். அப்படியானால் மரத்துக்கு அடுத்த ஆண்டும் தெம்பு இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். சீவிய பேரீச்சை தேற ஆண்டுக்கணக்காகும் என்றார்.

அக்டோபர் 31

தம்பி பேசினான். தொலைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு அம்மாவோடு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறான். முடிவு திங்கட்கிழமைதான் வரும் என்று அனுப்பிவிட்டார்களாம்.

நாளைக் காலை பெரியவரின் பேரனோடு ஓர் ஆழ்துளைக் கிணற்றைப் பார்க்கப் போகிறேன். கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. எத்தனை மீட்டர் ஆழத்திலிருந்து நீர் வருகிறது? வெளியே வரும்போது அதன் சூடு என்ன? சிறு தோட்டக்காரருக்கும் புதுத் தோப்புக்காரருக்கும் முறையை யார் எழுதுகிறார்கள்? அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்க முடியுமா?