கோதுமை பீரில் கிராம்பு வாசனை: பெங்களூர் ப்ரூவரி சுற்று

பெங்களூரில் ப்ரூவரிக்குள், அதாவது பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற கடைக்குள், போய் உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது சாம்ப்ளர் தட்டு. அன்றைக்கு டாப்பில், அதாவது பீர்க் குழாயில், ஓடுகிற எல்லா வகையும் குட்டிக் குட்டி கிளாஸில் வரும், வரிசையாகக் குடித்து முடிப்பதற்குள் முதல் கிளாஸில் என்ன இருந்தது என்பதே மறந்துவிடும். பொழுதுபோக்க அது சரி, ருசி பழக அது உதவாது. அதனால் இந்த வார இறுதிக்கு நாங்கள் போட்ட திட்டம் வேறு: எங்கே போனாலும் முதலில் ஒரே வகைதான், ஜெர்மன் பாணி கோதுமை பீர், ஹெஃபவைசன் என்பார்களே அது. ஒரு சின்ன கிளாஸ் வாங்கி, முகர்ந்து, குடித்து, போனில் நாலு வரி எழுதிவிட்டு, அப்புறம் அவரவர் ஆசைப்பட்டதை வாங்கிக்கொள்ளலாம்.

ஏன் கோதுமை பீர்? இந்த ஊர் ப்ரூவரிகளில் இது இல்லாத மெனுவைப் பார்ப்பது கஷ்டம். இன்னொன்று, இதில் ஹாப்ஸ் என்கிற பூவின் கசப்பு ரொம்பக் குறைவு, கருக வறுத்த மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) இல்லை. வாசனை முக்கால்வாசி, பீரை நொதிக்கவைக்கிற யீஸ்ட் போடுகிற வாசனை. ஜெர்மனியில் இந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் மால்ட்டில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும். மிச்சம் பார்லி, தண்ணீர், துளி ஹாப்ஸ், யீஸ்ட். மறைக்க எதுவும் இல்லாத பீர். காய்ச்சியவரின் கை சுத்தமா இல்லையா என்பது முதல் முகர்விலேயே தெரிந்துவிடும்.

ஆட்கள் நாலு பேர். நான், ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்த நண்பன், ஸ்ட்ராங் தவிர வேறெதையும் பீர் என்று ஒப்புக்கொள்ளாத மதுரைக்காரன், அப்புறம் அல்சூரில் பிறந்து வளர்ந்த ஒரு அண்ணன். அண்ணன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். அவர் குடிக்க மாட்டார், ஆனால் வண்டி ஓட்டுவது என்றால் உயிர். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் கேஸ், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, என்றெல்லாம் கணக்குப் போட்டு ஒரு கிளாஸோடு நிறுத்திவிட்டு ஓட்டலாமா என்று யோசிக்கிற ஆட்களோடு நான் போவதில்லை. ஓட்டுகிறவர் குடிக்காதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணனுக்குப் பெட்ரோலும் சாப்பாடும் எங்கள் செலவு.

சனிக்கிழமை காலை அல்சூரிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடு. டின் ஃபேக்டரியில் எப்போதும் போல அரை யுகம் நின்று, கே.ஆர்.புரம் தாண்டி, நிம்பெகாய்புரா பக்கம் இருக்கும் கைஸ்ட் ப்ரூவரிக்குப் போனோம். ஊரின் நெரிசல் கொஞ்சம் விட்டுப்போன இடம், தொட்டிகளைப் பார்த்தபடியே உட்காரலாம். கோதுமை பீரின் பெயர் வைஸ் கை. கலங்கலான மஞ்சள், மேலே தடித்த வெள்ளை நுரை. வடிகட்டாத பீர் என்பதால் யீஸ்ட் மிதக்கும், கோதுமையின் புரதமும் சேர்ந்து அந்தக் கலங்கலைக் கொடுக்கிறது. கெட்டுப்போய்விட்டதோ என்று ஓசூர்க்காரன் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டான், டாஸ்மாக்கில் கண்ணாடி மாதிரி தெளிந்த லாகர் (குளிரில் மெல்ல நொதிக்கிற பீர்) மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்கு அது வரத்தான் செய்யும்.

எனக்கு வாழைப்பழ வாசனை உடனே பிடிபட்டது. அதற்கடியில் இன்னொன்று இருந்தது, பெயர் வரவில்லை. அண்ணனிடம் கிளாஸை நீட்டினேன், "குடிக்க வேண்டாம்ணே, மோந்து மட்டும் பாருங்க." அவர் மூக்கை உள்ளே விட்டு இரண்டு செகண்ட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "கிராம்புடா. பிரியாணிக்கு எண்ணெய்ல முதல்ல போடுவோம்ல, அது பொரியுறதுக்கு முந்தி வர்ற வாசனை."

அதேதான். இந்த இரண்டு வாசனைக்கும் கோதுமை பீரில் வாழைப்பழமோ கிராம்போ போடுவதில்லை, இரண்டையும் யீஸ்டே உண்டாக்குகிறது. வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட், மிட்டாய்க்குப் போடும் வாழைப்பழ எசன்ஸிலும் அதே பொருள்தான். கிராம்பு மாதிரி வருவது 4-வினைல் குவாயகால். நிஜக் கிராம்பில் இருக்கும் யூஜினாலுக்கு இது கிட்டத்தட்ட பங்காளி. தானியத்தில் இருக்கும் ஃபெரூலிக் அமிலத்தை இந்த வகை யீஸ்ட் மாற்றும்போது வருகிறது. எல்லா யீஸ்டுக்கும் அந்தத் திறமை கிடையாது, லாகர் யீஸ்ட் இதைச் செய்யாது, செய்தால் அது கெட்ட பீர் என்று ஊற்றிவிடுவார்கள். மால்ட்டை முதலில் 45 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் அந்த அமிலம் கூடுதலாக வெளியே வரும், கிராம்பு தூக்கும். நொதிக்கும் தொட்டி சூடாக இருந்தால் வாழைப்பழம் தூக்கும். இட்லி மாவு சென்னையில் ஒரு மாதிரியும் பெங்களூர் டிசம்பரில் ஒரு மாதிரியும் புளிக்கிற மாதிரிதான், ஒரே யீஸ்ட் வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு குணம் காட்டும்.

அண்ணன் சூடு பிடித்துவிட்டார். பக்கத்தில் மதுரைக்காரன் வாங்கிய விட்டி விட் கிளாஸையும் இழுத்து முகர்ந்து, "இதுல மல்லி விதை இருக்கு, இது நிஜ மல்லி" என்றார். பெல்ஜியம் பாணி விட்பியரில் மால்ட் ஆக்காத பச்சைக் கோதுமையோடு மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையிலேயே போடுவார்கள். இரண்டுமே வெளுத்த, கலங்கலான கோதுமை பீர், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். ஒன்றில் மசாலா யீஸ்டிலிருந்து, இன்னொன்றில் மளிகைக் கடையிலிருந்து. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு எத்தனை நாள் ஆனது, குடிக்காத மனிதர் மூக்காலேயே பிரித்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு இடத்திலும் முதல் கிளாஸ் அண்ணன் மூக்குக்குப் போய்விட்டுத்தான் எங்களிடம் வந்தது.

மதியத்துக்கு மேல் வைட்ஃபீல்ட். விண்ட்மில்ஸில் புத்தக அலமாரிகளும் இசை மேடையும் இருப்பதால் கூட்டம் கொஞ்சம் அடக்கமாகவே இருக்கும், முகர்ந்து எழுதுவதற்கு அது வசதி. இங்கே வந்த கிளாஸில் கிராம்பு பின்னால் போய் வாழைப்பழம் முன்னால் நின்றது, குடித்து முடிந்த பிறகு நாக்கில் ரொட்டி மாதிரி ஒரு இனிப்பு. ரொம்ப சில்லென்று வந்ததால் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, உள்ளங்கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம், சூடு ஏற ஏற வாசனை ஒவ்வொன்றாக வந்தது. இந்த வகைக்கு 6 முதல் 8 டிகிரி போதும், அதற்கும் கீழே போனால் மூக்குக்கு வேலையில்லை. விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விட்டால் உள்ளிருந்து இன்னொரு சுற்று வாசனை வரும், அதையும் விடக்கூடாது.

வழியில் இன்னொரு இடத்திலும் ஏறினோம், பெயர் வேண்டாம். கிளாஸ் மேஜைக்கு வந்ததுமே அண்ணன், "என்னடா இது, தியேட்டர் பாப்கார்ன் வாசனை?" என்றார். வெண்ணெய் வாசனை, டைஅசிடைல். நொதித்தல் நடுவில் யீஸ்டால் உருவாகும் பொருள் இது, விட்டால் யீஸ்டே கடைசியில் அதைத் தின்று தீர்த்துவிடும். அவசரப்பட்டு முன்னாலேயே குளிரவைத்துவிட்டால் அப்படியே தங்கிவிடும். டாப்புக்கு வரும் குழாய்களைச் சரியாகக் கழுவாவிட்டாலும் பாக்டீரியா புகுந்து இதே வாசனை வரும். பரிமாறிய தம்பியிடம் சொன்னோம், மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தார், அதிலும் அதே வெண்ணெய். பில் கட்டிவிட்டுக் கிளம்பினோம். மதுரைக்காரனுக்கு மட்டும் அது பிடித்திருந்தது, "இதோட பட்டர் நான் ரொட்டி கூட சாப்பிடலாம்" என்கிறான், அவனை என்ன செய்வது.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு, மெட்ரோ. பர்ப்பிள் லைன் 2023 அக்டோபரில் முழுசாகத் திறந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்குக்கு மெட்ரோவைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் கட்சி. எம்.ஜி. ரோடு ஸ்டேஷனில் இறங்கி மாக்ராத் ரோட்டில் இருக்கும் ஆர்பருக்கு நடந்துவிடலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஆன் ஆர்பர் ஊரில் தொடங்கிய ப்ரூவரியின் கிளையாக 2012ல் இங்கே வந்தது. கோதுமை பீருக்கு பெங்களூர் பிளிஸ் என்று பெயர். நாக்கில் லேசாக வந்து சட்டென்று முடிந்துவிடுகிறது, வெயிலில் நடந்து வந்த பிறகு அதுவே போதும் என்று தோன்றியது. கிராம்பு இருக்கிறதா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் பலத்த வாக்குவாதம், அவர் இருக்கிறது என்றார், நான் இல்லை என்றேன், போனில் இரண்டையும் எழுதி வைத்தேன்.

மதுரைக்காரன் இங்கேதான் ரேஜிங் எலிஃபண்ட் ஐபிஏவை, அதாவது இந்தியா பேல் ஏலை, பிடித்துக்கொண்டான். பெயரில் இந்தியா இருந்தாலும் ஐபிஏ இங்கிலாந்தில் காய்ச்சிக் கப்பலேற்றி அனுப்பிய பீர், ஹாப்ஸ் தூக்கலாக இருந்ததால் நீண்ட பயணத்தைத் தாங்கியது. அதைக் குடித்துக்கொண்டே சில்லி சிக்கன் ஆர்டர் பண்ணினான். ருசி பழகப் போகிறவர்கள் செய்யவே கூடாத காரியம் இது. காரம் வாயில் இருக்கும்போது ஹாப்ஸின் கசப்பு இரட்டிப்பாகத் தெரியும், ஆல்கஹாலும் சுடும். அதற்கப்புறம் கோதுமை பீர் வெறும் தண்ணீர். எங்கள் ஏற்பாடு வெறும் ரொட்டியும் தண்ணீரும், குறிப்பு எழுதி முடித்த பிறகு என்ன வேண்டுமானாலும். அதேபோல் கோதுமை பீரில் எலுமிச்சைத் துண்டு சொருகித் தந்தால் எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். எலுமிச்சை வாசனை யீஸ்ட் வாசனையை மூடிவிடும், நுரையும் அடங்கிவிடும்.

கடைசியாக இந்திராநகர் டாய்ட். 2010ல் தொடங்கியது, ஞாயிறு மாலை இடம் கிடைப்பதே பெரிய விஷயம், வாசலில் நின்றுதான் ஏறினோம். டாய்ட் வைஸில் வாழைப்பழமும் கிராம்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன, கிராம்பு கொஞ்சம் மேலே. எனக்கு இந்தச் சுற்றில் அதிகம் பிடித்தது இதுவா கைஸ்டா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. நாக்கு அதற்குள் களைத்திருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், அதனால் அடுத்த தடவை டாய்ட்டை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓசூர்க்காரன் இங்கே பாஸ்மதி பிளாண்ட் வாங்கினான், பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சியது. அண்ணன் முகர்ந்து பார்த்து, "அரிசி வாசனை வரலையே, வடிச்ச கஞ்சியாவது வரணும்ல" என்று ரொம்ப வருத்தப்பட்டார். அரிசி சேர்ப்பதால் பீரின் உடம்பு இளகி லேசாகும், வாசனையை அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

திரும்பி வரும்போது ஓசூர்க்காரன் கேட்டான், இந்த ஊருக்கு மட்டும் ஏன் இப்படி பீர் பைத்தியம் என்று. பழைய பழக்கம்தான். கிங்ஃபிஷரின் தாய் நிறுவனமான யுனைடெட் ப்ரூவரீஸுக்குத் தலைமையிடம் இங்கேதான். 1915ல் தென்னிந்தியாவில் தனித்தனியாக இருந்த ப்ரூவரிகளைச் சேர்த்து அதை உருவாக்கினார்கள், அப்படிச் சேர்ந்தவற்றில் நம் நீலகிரியின் கேஸில் ப்ரூவரியும் ஒன்று. இது தெரிந்ததிலிருந்து ஊட்டிக்குப் போனால் டீ மட்டும் குடித்துவிட்டு வருவது மனசுக்கு ஒப்பவில்லை.

அடுத்த சுற்றுக்கு பில்ஸ்னர் என்று முடிவாகியிருக்கிறது. 1842ல் செக் நாட்டு பில்சென் ஊரில் பிறந்தது, கோதுமை பீரைவிட இன்னும் வெளிப்படையானது, யீஸ்ட் வாசனைகூடக் கைகொடுக்காது. ஆனால் லாகர் வகை குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும், அதுவரை தொட்டி காலியாகாது, கோதுமை பீர் மாதிரி வேகமாகத் தயாராகி விற்றுத் தீரும் ஏல் வகைக்கு அந்தத் தொட்டியைக் கொடுத்தால் இரண்டு தடவை காய்ச்சிவிடலாம் என்பதால் சின்ன இடங்கள் பல அதைத் தொடுவதில்லை. எங்கெங்கே நல்லதாக ஊற்றுகிறார்கள் என்று பட்டியல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லலாம். மதுரைக்காரன் வருவதாகச் சொல்லிவிட்டான். அண்ணன்தான் கொஞ்சம் பிகு பண்ணுகிறார், "மசாலாவே இல்லாத பீருக்கு நான் எதுக்குடா?" என்கிறார். ஹாப்ஸும் ஒரு வகை மசாலாதான் என்று சொல்லி, காய்ந்த ஹாப்ஸ் ஒரு பிடி எங்கேயாவது கேட்டு வாங்கி அவர் கையில் கசக்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.