குதிரைத்திறன் கேட்கவில்லை, சீரான ஓட்டம்தான் கேட்டேன்

பத்து வயதைத் தாண்டிய டர்போ காரை மேம்படுத்தப் போகிறவர்கள், எந்தப் பொருளைப் போடலாம் என்றுதான் பொதுவாக விசாரிக்கிறார்கள். எதை முதலில் சோதிக்க வேண்டும், கழற்றிய பொருள் யாரிடம் இருக்க வேண்டும், ரசீதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. எனக்குப் பணமும் நிம்மதியும் போனது இந்த மூன்றில்தான் என்பதால், இங்கும் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கார், 2012இல் வெளிவந்த புரோட்டோன் ப்ரெவேயின் டர்போ வகை. 1.6 லிட்டர் சிஎஃப்இ என்ஜின், 138 குதிரைத்திறன், 2000 முதல் 4000 ஆர்பிஎம் வரை 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, படிப்படியான கியர்களுக்குப் பதிலாக எஃகுப் பட்டையால் இயங்கும் சிவிடி கியர்பெட்டி. கோலாலம்பூரில் வேலைக்குப் போய்வர இது தாராளம். கூடுதல் வேகம் எனக்குத் தேவைப்படவில்லை. காருக்கு வயதாக ஆக, சிக்னலில் பச்சை விழுந்து பெடலை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காமல் பிறகு திடீரென்று பாய்வதும், எம்ஆர்ஆர் 2 வளைய நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது குலுங்குவதும், கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது ஆர்பிஎம் மட்டும் உயர்ந்து கார் சோர்வதும் வழக்கமாகிவிட்டன. இந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டும், முடிந்தால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவையைச் சற்றுக் கூட்ட வேண்டும் என்பதுதான் நான் பட்டறையில் சொன்ன கோரிக்கை.

டர்போ கார்களுக்குப் பெயர்பெற்றது என்று பலரும் சொன்ன அந்தப் பட்டறையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. முதலாளி காரை ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்காமல், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்), திறந்த ஏர் ஃபில்டர், காற்றை வெளியே விடும் டம்ப் வால்வு, ஈசியு (என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி) அமைப்பை மாற்றும் ரீமேப் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார். தயக்கத்துக்குக் காரணம் என்னவென்று கேட்டபோது, "எக்ஸாஸ்ட் மூச்சு விடல பாஸ், திறந்து விட்டா சரியாயிரும்" என்று முடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் என்ஜின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி எடுத்த வரைபடத்தைப் பெருமையோடு நீட்டினார். கோடு 5000 ஆர்பிஎம் அருகே நன்றாகத்தான் உயர்ந்திருந்தது. நான் அன்றாடம் ஓட்டும் 1500 முதல் 3000 வரையிலான பகுதியில் முந்தைய கோடும் புதிய கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஓட்டம் சீராக வேண்டும் என்று போகிறவர்கள் வரைபடத்தின் இடது பாதியைத்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே எவரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே குறைகள் தலைகாட்டின. சிவிடி கியர்பெட்டி இயல்பாகவே ஆர்பிஎம்மைத் தாழ்வாக வைத்து ஓட்டக்கூடியது. கன்வெர்ட்டர் இல்லாத குழாயோ சரியாக அந்த வேகத்தில்தான் காருக்குள் "கும்" என்று அதிரும் ஒரு சத்தத்தை எழுப்பியது. திறந்த ஃபில்டர், பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே உறிஞ்சியது. கார் கணினியின் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைக் கைப்பேசியோடு இணைத்துப் பார்த்தபோது, நெரிசலில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் 60 பாகையைத் தாண்டிக்கொண்டிருந்தது. காற்று அவ்வளவு சூடானால் கட்டுப்பாட்டுக் கணினி என்ஜினைக் காப்பாற்ற இக்னிஷனை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். இழுவை இன்னும் குறையும். சில நாள்களில் பி0420 என்ற குறியீட்டோடு செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. கன்வெர்ட்டர் சரிவர வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். கன்வெர்ட்டரே இல்லாத காரில் அது எரியாமல் இருந்தால்தான் வியப்பு. ஆரம்பத்தில் இருந்த தயக்கம் மட்டும் அப்படியே இருந்தது. திரும்பப் போய்ச் சொன்னால், "ஈசியு பழகணும், ஓட்டுங்க" என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு முறையும் கிடைத்தது. ஈசியு எரிபொருள் கலவையைப் பழகிச் சரிசெய்யும். கிழிந்த ரப்பரை ஒட்டாது.

ரப்பர் கிழிந்திருக்கிறது என்பது செந்தூலில் ஒரு சிறிய பட்டறையில்தான் தெரிய வந்தது. அங்கிருந்த போமன், அதாவது மெக்கானிக் அண்ணன், முதலில் காரை ஓட்டினார், பிறகு பானெட்டைத் திறந்தார், பிறகுதான் பேசினார். காற்றுக் குழாயின் வாயை அடைத்துவிட்டுப் புகை இயந்திரத்தைப் பொருத்தினார். சிறிது நேரம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு வரும் ரப்பர் ஹோஸின் வளைவுக்கு அடியில், கிளாம்ப் கடித்திருந்த விளிம்பை ஒட்டி, நூல்போல வெள்ளைப் புகை கசிந்து மேலே வந்தது. "இங்க பாருங்க தம்பி" என்று அவர் ஹோஸை இரு விரல்களால் அழுத்தியபோதுதான் வெடிப்பு வாய் திறந்தது; விட்டதும் மூடிக்கொண்டது. கண்ணால் பார்த்து மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடம். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், ஏறும்போது அந்த வெடிப்பு விரிந்து காற்று வெளியேறுகிறது, இழந்ததை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது, அதனால் இழுவை தாமதமாகவும் மொத்தமாகவும் வந்து சேருகிறது என்று அவர் விளக்கினார். புதிய டம்ப் வால்வின் ஸ்பிரிங் போதிய இறுக்கமில்லாததால் அங்கும் மெல்லிய புகை தெரிந்தது. பொத்தல் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிய வேலைக்குத்தான் முதல் பட்டறை என்னிடம் பணம் வாங்கியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்த பழுதுபார்ப்பு சிக்கலில்லாதது. ஹோஸும் கிளாம்ப்களும் மாறின. த்ராட்டில் பாடி சுத்தமானது. சிவிடி எண்ணெய் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையிலேயே மாற்றப்பட்டது. ஃபில்டர் பழைய மூடிய பெட்டிக்குள் திரும்பியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அளந்தபோது இடைவெளி தேய்ந்து ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. பூஸ்ட் அழுத்தத்தில் அவ்வளவு இடைவெளியை நெருப்புப்பொறி தாண்டுவது கடினம். மிதிக்கும்போது ஏற்பட்ட குலுக்கலில் பாதிக்கு அதுவே காரணம். புதியவற்றை 0.7 மில்லிமீட்டருக்கு வைத்துப் போட்டார். உள்ளிருந்த எண்ணெய் கசிந்து தளர்ந்திருந்த என்ஜின் மவுண்டிங்கிற்குப் பதிலாகப் பாலியூரித்தேன் மவுண்டிங் போடலாமா என்று கேட்டேன். பந்தயத்துக்கு அது சரி, சிக்னலில் 'டி'யில் நிற்கும்போது ஸ்டியரிங் முழுக்க அதிரும் என்று தடுத்து, அசல் வகையையே போடச் செய்தார். மேம்படுத்தும் பொருள் எதையும் இன்னும் வாங்காத நிலையிலேயே நான் எதிர்பார்த்த ஓட்டத்தின் பெரும்பகுதி திரும்பியிருந்தது.

உண்மையான மேம்பாட்டுக்குச் செலவிட்டது இரண்டு பொருள்களில்தான். ஒன்று, சற்றுத் தடித்த இன்டர்கூலர். இதில் ஆசைப்பட்டு மிகப் பெரியதைப் போட்டால், நிரப்ப வேண்டிய காற்றின் அளவு கூடி, போக்க நினைத்த தாமதம் மறுபடி வந்துவிடும். அதோடு வரும் சிலிகோன் ஹோஸ்களில் உட்பக்கம் ஃபுளோரோசிலிகோன் பூசியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வெறும் சிலிகோனில் டர்போ எண்ணெய் ஆவி ஊறி வெளியே வியர்த்துவிடும். மற்றொன்று, காற்றை உள்ளேயே திருப்பிவிடும் பிஸ்டன் வகை பைபாஸ் வால்வு. "புஸ்ஸ்" என்ற சத்தம் போனதில் என் மகனுக்கு மட்டும் வருத்தம். பெடலின் வேகத்தை மாற்றும் சிறு பெட்டிகளைப் பலர் பரிந்துரைத்தார்கள். அவை பெடல் அனுப்பும் சமிக்ஞையைத்தான் பெருக்குகின்றன, என்ஜினுக்கு ஒரு நியூட்டன் மீட்டரும் சேர்ப்பதில்லை. கார் நிறுத்துமிடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது எரிச்சலே மிஞ்சும்.

அடுத்து ரீமேப்பைத் திருத்த வேண்டும் என்று வந்தபோதுதான் பெரிய முட்டுக்கட்டை. முதல் பட்டறை ஈசியுவை வேறு எவரும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தது. அசல் கோப்பைக் கேட்டால், அது தங்களுடைய சொத்து என்றார்கள். என் காரிலிருந்து எடுத்த கோப்பு எப்படி அவர்கள் சொத்தானது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கழற்றிய அசல் டவுன்பைப்பைக் கேட்டால், பழைய இரும்போடு போய்விட்டது என்றார்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் இருக்கின்றன. அதை யாரும் பழைய இரும்பு விலைக்கு விடமாட்டார்கள். சாலையில் சட்டப்படி ஓட அந்தப் பொருள் எனக்கு வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வாகனத்தை மாற்றியமைக்க சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. புஸ்பகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனைக்கோ காப்புறுதி இழப்பீட்டுக்கோ போகும் நாளில் "பட்டறை போட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது. என் கையிலிருந்த ரசீதிலோ "டியூனிங் பேக்கேஜ்" என்ற இரண்டே சொற்கள், கீழே ஒரு தொகை. எந்தப் பொருள், எந்தத் தயாரிப்பு, கழற்றியது என்ன ஆனது என்பது எதுவுமில்லை.

பேசிப் பார்த்துப் பயனில்லாமல் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். இதை நம்மவர்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்த மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, இணையத்திலும் பதியலாம். ரசீது கைகொடுக்காத இடத்தில் வாட்ஸ்அப் கைகொடுத்தது. வேலை நடந்த அன்று பட்டறைக்காரரே, "ஸ்டாக் பைப் கழட்டியாச்சு" என்று எழுதி, தரையில் கிடந்த என் டவுன்பைப்பின் படத்தை அனுப்பியிருந்தார். மனுவின் நகல் போய்ச் சேர்ந்ததும் அவருடைய குரல் தணிந்தது. விசாரணைக்கு முன்பே சமரசத்துக்கு வந்து, கன்வெர்ட்டரோடு கூடிய இன்னொரு அசல் டவுன்பைப்பைத் தருவித்துப் பொருத்தி, என் கண்ணெதிரே பூட்டை நீக்கி ஈசியுவில் அசல் கோப்பை ஏற்றினார். அந்தக் கோப்பின் நகலை ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவியை எடுத்தேன்.

புதிய ரீமேப்பை வேறொருவர் செய்தார். ரான்97 பெட்ரோலுக்கு அமைத்தால் கூடுதல் திறன் கிடைக்கும் என்றாலும் ரான்95க்கே அமைக்கச் சொன்னேன். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் எண்ணெயை விட்டுவிட்டு, வாரந்தோறும் விலை மாறும் எண்ணெயை நம்பி அன்றாடக் காரை ஓட்ட எனக்கு மனமில்லை. சிவிடியின் எஃகுப் பட்டை தாங்கும் அளவுக்கு மேல் முறுக்குவிசையை ஏற்ற அவரும் சம்மதிக்கவில்லை. உச்சத்தை அப்படியே விட்டுவிட்டு, பூஸ்ட் படிப்படியாக ஏறும்படியும் பெடலின் முதல் பாதி மென்மையாக இருக்கும்படியும் அமைத்து, காராக் நெடுஞ்சாலையின் அதே கெந்திங் செம்பா ஏற்றத்தில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு பதிவுகளைப் பார்த்துத் திருத்தினார். இப்போது அந்த ஏற்றத்தில் கார் 2000 ஆர்பிஎம்மிலேயே பிடித்து இழுக்கிறது. சிக்னலில் தயக்கமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை.

பட்டறைக்குப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே ரசீதில் பொருள்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கழற்றியது உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும் என்ற வரியும், ஈசியு பூட்டப்படாது என்ற வரியும் அதில் இருக்கட்டும். புகைச் சோதனையைச் செய்யாமல் டவுன்பைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் பட்டறையில் காரை விட வேண்டாம். இன்டர்கூலர் கிளாம்ப்களைச் சில வாரங்கள் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும்; செந்தூல் அண்ணன் அதற்குக் காசு வாங்கவில்லை.