பழைய டாஸ் பில்லிங், புது கம்ப்யூட்டர்

கடலூர் முதுநகர் மண்டியிலோ புதுச்சேரி நேரு வீதிக் கடையிலோ டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, எழுத்துத் திரை இயங்குதளம்) பில்லிங் இன்னும் ஓடினால் அதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். பழகிய கை கீபோர்டில் அடிக்கும் வேகத்துக்கு மவுஸ் ஈடாகாது.

அதையே புது கம்ப்யூட்டருக்கு மாற்ற, முதலில் பழைய ஐ.டி.இ. (அகலப் பட்டை கேபிள் வகை) ஹார்ட் டிஸ்க்கை யூ.எஸ்.பி. அடாப்டரில் மாட்டி முழுசாக இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சு நகல், எடுங்கள். டிஸ்க்கின் பின்புறம் உள்ள ஜம்பர் என்ற குட்டிச் செருகி 'மாஸ்டர்' இடத்தில் இருக்கட்டும். ஸ்லேவில் இருந்தால் பல அடாப்டர்கள் கண்டுகொள்ளாது. நம் ஊர் உப்புக் காற்றில் ரேமின் தொடுமுனைகள் கறுத்துவிடும். பழைய மெஷின் பீப் அடித்து நின்றால், பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூள் தட்டி மாட்டிப் பாருங்கள்.

64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமை ஏற்காது; விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எனவே விண்டோஸுக்குள்ளேயே டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் எக்ஸ் மென்பொருளைப் போட்டு, டேட்டா ஃபோல்டரை அதன் சி டிரைவாக மவுண்ட் செய்யுங்கள் (இணையுங்கள்). டர்போ பாஸ்கல் என்ற பழைய மொழிக் கருவியில் எழுதிய புரோகிராம் 'ரன்டைம் எரர் 200' காட்டினால் வைரஸ் என்று பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் அந்தப் புரோகிராம் போடும் வேகக் கணக்கின் விடை, வேகமான பிராசசரில் 16 பிட்டுக்குள் அடங்குவதில்லை. டாஸ்பாக்ஸின் வேக அளவான சைக்கிள்ஸை 3000-க்கு இறக்குங்கள், ஓடும்.

பிரிண்டர்தான் பெரிய தலைவலி. யூ.எஸ்.பி. டாட் மேட்ரிக்ஸை விண்டோஸின் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரில் நிறுவி, ஷேர் கொடுத்து, நெட் யூஸ் கட்டளையால் எல்.பி.டி.1-இல் (டாஸ் அறிந்த பிரிண்டர் போர்ட்டின் பெயர்) கட்டுங்கள். டாஸ்பாக்ஸ் செட்டிங்கில் உள்ள பேரலல் 1 என்ற பிரிண்டர் போர்ட்டையும் அங்கேயே திருப்புங்கள்.

கரண்ட் போய்க் கிளிப்பர் (டாஸ் கால டேட்டாபேஸ் மொழி) புரோகிராமின் இண்டெக்ஸ், அதாவது தேடல் பட்டியல், கெட்டால், ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு அந்தப் பட்டியல் இருக்கும் என்.டி.எக்ஸ். ஃபைல்களை மட்டும் அழித்து, புரோகிராமில் ரீஇண்டெக்ஸ் கொடுங்கள். டி.பி.எஃப். ஃபைல்களைத் தொடவே கூடாது, கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.